மொச்சைக் காட்டு மாடும் ரிசர்வில் ஓடிய வண்டியும்

ஜவ்வாது மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை ஆய்வாளர்கள் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் போளூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் நாலு விஷயம் கேட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, ரிஜிஸ்டரைப் பற்றியும் கேட்கவில்லை. வாசலில் நின்ற என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "சார், இதுலயா தினமும் மலையேறுனீங்க?" என்று கேட்டீர்கள். ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து படம்கூட எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் காபி ஆறுவதற்குள் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. என்னைப் பார்த்துப் பழைய வண்டி வாங்கிவிடாதீர்கள். என்னுடையது நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, நான் வேலைக்குச் சேர்ந்த நாளைவிட மூன்று வயது மூத்தது. மலைக்கு மாற்றலாகி வந்த வருடம் ஒடுகத்தூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் வாங்கினேன். அதற்கு பெட்ரோலை மட்டும் ஊற்றினால் போதாது. ஆயிலை அளந்து பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். பிளக் கரி பிடித்துக்கொண்டால் நடுரோட்டில் கழற்றி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். என் பையில் ஊசி மருந்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மாற்று பிளக் இருக்கும். காலையில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆனால் என் மனைவி சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் கொடுப்பாள். ஏழாவது உதைக்குப் போய்விட்டால் டிபன் பாக்ஸ் திண்டில் இருக்கும், அவள் உள்ளே போயிருப்பாள்.

பிறகு ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். எடை குறைவு. ஓடையில் கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஒரு ஆளாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடலாம். அதுதான் காரணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வண்டி மெக்கானிக்கிடம் இருந்தபோது என் மச்சானின் புது வண்டியை வாங்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போனேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி. ஊருக்குள் போய் மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு கன்றுக்குட்டிகூட வரவில்லை. கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "இன்னா சார், சத்தமே இல்லாம வந்து குந்தினுகீறீங்க? எல்லாம் மாட்ட ஓட்டினு காட்டுக்குப் போய்ட்டாங்களே" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் வண்டி இரண்டு வளைவு கீழே வரும்போதே மேலே இருக்கிற ஊருக்குக் கேட்டுவிடும். கேட்டதும் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டாமல் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பார்கள். நான் போய்ச் சேரும்போது வரிசை தயாராக இருக்கும். எனக்கு அந்த ஊர்களில் நல்ல மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை சைலன்சருக்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்த வண்டியைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒடுகத்தூர் மெக்கானிக். பெயரைப் போட்டால் திட்டுவார், போடவில்லை. வாங்கின முதல் வாரமே என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "சார், இதுக்கு ஆயிலு தனியா போவறதில்ல, பெட்ரோலோடதான் போவுது. எறக்கத்துல நீங்க பாட்டுக்கு ஆக்சிலேட்டர மூடிக்கினு எறங்குனீங்கன்னா என்ஜினு சுத்தும், ஆனா அதுக்கு ஆயிலு கெடைக்காது. காஞ்சிபோய் பிடிச்சிக்கும். வளைவுக்கு வளைவு ஒரு முறுக்கு முறுக்கி வுட்டுக்கினே எறங்குங்க." இறங்கும்போது முறுக்குவதா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. பத்து வருடம் ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் இறங்கினேன். தவறின ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மார்கழி மாதம். மேலே ஒரு ஊரில் கோமாரி தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும், பனி இன்னும் விலகவில்லை. போன் வந்தது. கீழே நெல்லிக்கொல்லையிலிருந்து பச்சையம்மா.

பச்சையம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டுக்காரர் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அந்தம்மா தனியாகச் சாமை பயிர் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாட்டை வளர்த்துவந்தார். கன்றாக வாங்கி வளர்த்த மாடு, முதல் சினை, ஒன்பதாவது மாதம். கேம்ப் போட்டால் மற்றவர்கள் ஊசி போட்டதும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பச்சையம்மா மட்டும் நின்று, எதற்குப் போட்டீங்க, போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பல நாள் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது, மறைக்கவில்லை.

"சார், மாட்டுக்கு வயிறு ஊதிக்கிச்சி சார்."

"இன்னா தின்னுச்சி?"

"ராவுல கயித்த அறுத்துக்கினு மொச்சக் காட்ல பூந்துட்டுது. பனியோட மேஞ்சிகீது. எடது பக்கம் தட்டுனா மேளமாட்டம் கேக்குது."

"வூட்ல கடலெண்ண இருக்குதா?"

"நேத்தோட தீந்துபோச்சி சார்."

"சரி, வேற எதையும் ஊத்தாத, பொற ஏறிடும். படுக்க மட்டும் வுடாத. முன்னங்காலு மேட்ல இருக்கறாப்பல நிறுத்து. தோ வர்றேன்."

"எந்த வழியா வர்றீங்க?"

எனக்கு இருந்த அவசரத்தில் அந்தக் கேள்வியும் எரிச்சலைத்தான் தந்தது. "குறுக்கு வழியாத்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பச்சை மொச்சையைப் பனி ஈரத்தோடு வயிறு முட்டத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் நுரை கட்டிக்கொள்ளும். ஏப்பம் விட முடியாது. வயிறு ஊதி ஊதி மூச்சை அடைக்கும். சில மாடுகள் ஒரு மணி நேரம் தாங்கும், சில தாங்காது. சினை மாடு என்றால் இரண்டு உயிர். என் பையில் உப்புசத்துக்கான மருந்து ஒரு பாட்டில் இருந்தது. நுரையை உடைக்க மேல் ஊரில் ஒரு வீட்டில் கடலை எண்ணெய் ஒரு பாட்டில் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். மண் பாதையில் நேராக இறங்கினால் இருபது நிமிடம்.

வண்டியை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகி நூறடி போனதும் இருமியது. பெட்ரோல். முந்தின நாள் சாயங்காலம் பங்கில் கூட்டமாக இருந்ததால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். டேங்க்கின் அடியில் மிச்சமிருக்கும் ரிசர்வுக்குக் குழாயைத் திருப்பினேன். ஊர்க் கோடியில் ஒரு பெட்டிக்கடையில் பாட்டிலில் பெட்ரோல் விற்பார்கள். என்னிடம் ஆயிலும் இருந்தது. போய்வர ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் எதற்கு வீணாக்க வேண்டும், பாதை முழுக்க இறக்கம்தானே என்று நினைத்தேன். ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரில் விட்டால் பெட்ரோலே செலவாகாது. அப்படியே இறங்கினேன்.

மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டாவது வளைவில் கை தானாகவே முறுக்கப் போனது. நான்தான் தடுத்தேன். பத்து வருடம் ஒழுங்காக இறங்கியிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் இருப்பவனுக்குத் தனக்குச் சாதகமான நியாயம் உடனே கிடைத்துவிடுகிறது.

பாதி தூரம் தாண்டியிருப்பேன். கிறீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் ஒரு நாணல் புதரில் நின்றது. எனக்கு முழங்கால் தோல் உரிந்தது. எண்ணெய் பாட்டில் உடையவில்லை.

கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. கியரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன். இறக்கத்தில் தள்ளிப் பார்த்தேன். வண்டியைத் திட்டினேன், பங்கில் கூட்டம் போட்டவர்களைத் திட்டினேன், மொச்சையைக்கூட விடவில்லை. வாட்ச்சைப் பார்த்தபோது பத்து நிமிடம் போயிருந்தது. என்ஜின் பிடித்துக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம், இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். கீழே ஒரு மாடு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நான் இங்கே வண்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடம் நடந்திருந்தால் முக்கால் கிலோமீட்டர் இறங்கியிருப்பேன்.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தேழு வயதில் ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல மாட்டார்கள், ஆனாலும் ஓடினேன். மாடு விழுந்திருக்கும் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சையம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

மூன்று வளைவு இறங்கியதும் மணிச்சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒரு மாட்டுத் தலை வந்தது. பச்சையம்மா கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் ராணி மாட்டைத் தட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். இடது பக்கம் முதுகெலும்பையும் தாண்டி உப்பியிருந்தது. வாயில் நுரை தள்ளியது. ஆனால் மாடு நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

"மேட்டப் பாத்து நிறுத்தச் சொன்னீங்க. நிறுத்துனா படுக்கப் பாக்குது சார். அதான் மேட்டுலயே நடத்திக்கினு வந்துட்டேன்" என்றார் பச்சையம்மா.

உப்பின மாட்டை மேட்டில் மெதுவாக நடத்துவது நல்லதுதான். முன்பக்கம் உயர்ந்தால் காற்று வெளியேற வழி கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்து என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்போதோ படுத்திருக்கும்.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். பையிலிருந்து என் கை முதலில் எடுத்தது மருந்தை அல்ல. வயிற்றைக் குத்திக் காற்றை விடுகிற குழாய் ஊசியை எடுத்தேன். அது கடைசி வழி, டாக்டர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய வேலை. அங்கே டாக்டரும் இல்லை, சிக்னலும் இல்லை. தாமதம் ஆகிவிட்டது, அதை ஒரே குத்தில் சரிக்கட்டிவிட வேண்டும் என்கிற வெறி எனக்கு. முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்தது. ஊசியைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் போய் நின்றேன்.

"குத்துனா கன்னுக்கு ஒண்ணும் ஆவாதா சார்?" என்று கேட்டார் பச்சையம்மா.

வழக்கமான கேள்வி. வழக்கமான எரிச்சல் அன்றைக்கு வரவில்லை. பதில் தெரியாமல் எதற்குக் குத்தப் போனேன்? நின்று மாட்டைப் பார்த்தேன். வந்ததிலிருந்து நான் மாட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லை. நாக்கு நீலம் பாரிக்கவில்லை. கண் நிலைகுத்தவில்லை. பச்சையம்மா கயிற்றை இழுத்தால் கால் எடுத்து வைக்கிறது. அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கட்டியிருப்பதோ நுரை. நுரைக்கு வெறும் ஓட்டை போட்டு என்ன பிரயோஜனம்?

ஊசியை எட்டுகிற தூரத்தில் ஒரு கல்மேல் வைத்தேன். பச்சைக் குச்சி ஒன்றை ஒடித்து மாட்டின் வாயில் குறுக்கே கொடுத்துக் கட்டினோம், மென்றுகொண்டே இருப்பதற்காக. மருந்தையும் எண்ணெயையும் கலந்து, தலையை அதிகம் தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ராணி இடது பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிசைந்துவிட்டாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். நான் அந்தக் கல்லைப் பார்ப்பதும் மாட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாட்ச்சைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாடு ஏப்பம் விட்டது. என்ன ஒரு நாற்றம் தெரியுமா! ராணி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இன்னும் கிட்டே போய் நின்றேன். இன்னொன்று வந்தது. அப்புறம் தொடர்ந்து வர ஆரம்பித்தது. கண்ணுக்கு முன்னாலேயே வயிறு இறங்கியது. நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குள் கீழே இருந்து ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடியாந்து காப்பாத்திட்டீங்க சார், தெய்வம்" என்றார். அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முழங்காலில் ரத்தம் வேறு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பச்சையம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், என்னால் முடியவில்லை. பெட்ரோல் போடாமல் வந்தது, இறக்கத்தில் முறுக்காமல் விட்டது, பத்து நிமிடம் வண்டியோடு மல்லுக்கட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுதுதான். வண்டி சத்தம் நின்னுபோனதும் நீ மாட்ட இட்டுக்கினு கெளம்பாம இருந்திருந்தா இந்நேரம் இன்னா ஆயிருக்கும்னு தெரியல" என்றேன்.

பச்சையம்மா மாட்டின் வாயிலிருந்த குச்சியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "நின்னப்பறம் கெளம்பல சார். அதுக்கு முன்னாலயே கெளம்பிட்டேன்."

"ஏன்?"

"நீங்க எறங்கறப்ப வளைவுக்கு வளைவு ஒருவாட்டி உறுமும். இன்னிக்கி ஒருவாட்டிகூட உறுமல. சாரு வண்டி சரியில்ல, நாம பாதி தூரம் போய்டலாம்னு வந்துட்டேன்."

ஒடுகத்தூர் மெக்கானிக் சொன்ன விதி அந்தம்மாவுக்குத் தெரியாது. டூ ஸ்ட்ரோக் என்றால் என்ன என்றும் தெரியாது. பத்து வருடம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். நாம் ஊர் ஊராகப் போய் மாடுகளைக் கவனிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. அது நமக்குப் பெரிய துணை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் போய்ப் பார்த்தபோது என்ஜின் ஆறியிருந்தது. கிக்கர் அசைந்தது. ராணியின் தம்பி வாங்கி வந்த பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி, ஊர்ந்துகொண்டே ஒடுகத்தூர் போனேன். மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றிக் கீறல்களை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்கள் வண்டிகளுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பட்டனை அமுக்கினால் போகும். ஆனால் அவசரம் எல்லா வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டேங்க்கை முந்தின நாள் சாயங்காலமே நிரப்புங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டுவிட்டு மாட்டைப் பார்க்க நடங்கள். எந்த வழியாக வருகிறீர்கள் என்று யாராவது கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். எரிச்சலூட்டுகிற மாதிரிக் கேள்வி கேட்கிற ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். அவருடைய போன் நம்பரை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடு பிழைத்ததற்குப் பதினொரு நாள் கழித்துக் காலையில் பச்சையம்மாவிடமிருந்து போன். பெயரைப் பார்த்ததுமே எழுந்துவிட்டேன். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே எடுத்தேன். "இன்னாம்மா, இன்னா ஆச்சி? தோ, கெளம்பிட்டேன்" என்றேன்.

"ஒண்ணும் ஆவல சார். மாடு பொட்டக் கன்னு போட்டுட்டுது. கெடேரி. எழுந்து நின்னு பால் குடிச்சிக்கினு கீது. நீங்க மெதுவாவே வாங்க."

முப்பத்தொரு வருட சர்வீஸில் என்னை எல்லோரும் சீக்கிரம் வாருங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மெதுவாக வரச் சொல்லி வந்த போன் அது ஒன்றுதான். அன்றைக்கு என் மனைவி தந்த இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.